சுற்றாத ஆரத்தித் தட்டு

ஒரு ரூபாய்க் காசு ஆரத்தித் தண்ணீரில் விழுந்தால் 'ப்ளுக்' என்று கேட்கும். அடுத்து 'உஸ்' என்று கேட்டால் கற்பூரம் அணைந்துவிட்டது என்று அர்த்தம். இரண்டையும் நான் ஒரு முழத் தூரத்தில் நின்று கேட்டிருக்கிறேன்.

போன பொதுத் தேர்தலுக்கு மூன்று வாரம் இருக்கும். தை மாசத்து வெயில். எங்கள் தெருமுனையில் ஜீப் வந்து நின்றது. வேட்பாளர் இறங்கினார். கழுத்தில் ஏழெட்டு மாலை. சாமந்தி வாசனையும் பெட்ரோல் வாசனையும் சேர்ந்து அடித்தன. அவருக்கு எதிரே எங்கள் அம்மா தட்டோடு நின்றாள். மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த சிவப்புத் தண்ணீர், அதில் மிதக்கும் ஒரு வெற்றிலை, வெற்றிலை மேல் எரியும் கற்பூரம். அம்மாவுக்குப் பின்னால் தெருப் பெண்கள் அத்தனை பேரும்.

தட்டு சுற்றவில்லை.

வேட்பாளர் சிரித்தார். காத்திருந்தார். மறுபடியும் சிரித்தார். அம்மா தட்டைப் பிடித்தது பிடித்தபடி நின்றாள். அவளுக்குப் பக்கத்தில், கையில் துண்டுக் காகிதத்தோடு நான்.

"படிடி, ஜல்தியா!" என்று முதுகில் இடித்தாள் அஞ்சலைச் சின்னம்மா. அம்மாவின் தங்கை அவள். எங்கள் தெருவில் அவள் குரலுக்கு மைக் தேவையில்லை.

"ஐயா..." என்று ஆரம்பித்தேன். அவ்வளவுதான். ஊர் ஊராகத் தட்டில் காசு போட்டுப் பழகிய அவர் கை, தானாகவே ஜிப்பாப் பைக்குள் போய் வெளியே வந்தது. ப்ளுக். வெற்றிலை கவிழ்ந்தது. உஸ்.

மேளம் நின்றுவிட்டது. ஜீப்பில் இருந்தவர்கள் முகத்தில் ஈயாடவில்லை.

அவரை அப்படியே வெயிலில் நிறுத்திவிட்டுக் கொஞ்சம் பின்னால் போகிறேன். அவர் எங்கேயும் போய்விட மாட்டார். கற்பூரம் அணைந்த தட்டுக்கு எதிரே இருந்து, ஆரத்தி சுற்றாமல், எந்த வேட்பாளர் திரும்பிப் போவார்?

நான்கு எழுத்து

விழுப்புரத்து விடுதியில் நான் ஆசிரியப் பயிற்சி முடித்ததைப் பற்றிப் போன வாரம் இந்தப் பத்திரிகையில் எழுதியிருந்தேன். "இத்தனை கர்வம் ஒரு பெண்ணுக்கு ஆகுமா?" என்று ஒரு வாசகி கடிதம் போட்டிருக்கிறார்.

ஆகும் அம்மா. எங்கள் வீட்டில் எஸ்.எஸ்.எல்.சி. என்ற நான்கு எழுத்தைப் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொண்ட முதல் ஆள் நான். எங்கள் அப்பா திண்டிவனத்து மண்டியில் மல்லாட்டை மூட்டை தூக்குகிறவர். நிலக்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். அந்தச் செடிக்குக் களையெடுக்கப் போகிறவள் எங்கள் அம்மா. இந்த இரண்டு பேருக்கும் பிறந்து, பேனாவில் மை ஊற்றி எழுதுகிறேன். கர்வப்படாமல் வேறு என்ன படுவது?

பயிற்சி முடிந்து, வேலை உத்தரவுக்காக ஊரில் காத்திருந்த சமயம் அது. எங்கள் ஊர் திண்டிவனத்துக்குத் தெற்கே, விழுப்புரம் போகிற டிரங்கு ரோட்டிலிருந்து ஒரு மைல் உள்ளே. ரோட்டில் ஒரு புளியமரம். பஸ் அங்கேதான் நிற்கும்.

எனக்கு இருபத்தொரு வயசு முடிந்திருந்தது. வாக்காளர் பட்டியலைப் பள்ளிக்கூடத்துச் சுவரில் ஒட்டிய அன்றே ஓடிப்போய்த் தேடினேன். தெய்வானை, வயது 21. அச்சில் என் பெயர்! விரலால் தொட்டுப் பார்த்தேன். பசை இன்னும் காயவில்லை. விரலில் ஒட்டியது. வீட்டுக்கு வரும் வரை துடைக்கவில்லை.

பெட்டி மேல் வைத்த சீட்டு

எனக்குத் தெரிந்த முதல் தேர்தலில் நான் பாவாடை கட்டிய சிறுமி. அப்போதெல்லாம் ஆளுக்கொரு பெட்டி. பெட்டி மேல் சின்னம் ஒட்டியிருக்கும். பிடித்த பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வர வேண்டும்.

அம்மா உள்ளே போனாள். பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சீட்டைப் பெட்டியின் மேல் பூ வைப்பதுபோல வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டாள். சீட்டை உள்ளே போடுவதற்குப் பெட்டியில் ஒரு சந்து இருப்பதை அவள் பார்க்கவில்லை.

"உள்ள போட்டியா?" என்று சின்னம்மா கேட்டாள்.

"உள்ளயா? மேலதான் வச்சேன். அவங்க எடுத்துக்குவாங்க இல்ல?"

சின்னம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு எந்தத் தேர்தல் வந்தாலும் அவள் வாயிலிருந்து வருகிற முதல் பேச்சு இதுதான்: "அக்கா, உன் சீட்டு இன்னும் அந்தப் பெட்டி மேலயே காத்துல ஆடிக்கினு இருக்குதாம்!" அம்மாவும் சேர்ந்து சிரிப்பாள். ஆனால் காது மட்டும் சிவந்துபோகும். அதை நான் கவனித்திருக்கிறேன்.

மடித்த பை

அந்த வருஷம் மழை பொய்த்துவிட்டது. ஏரியில் முழங்கால் தண்ணீர்கூட இல்லை. நெல் அறுத்தவர்கள் வீட்டிலேயே அரிசி இல்லாதபோது கூலிக்காரர்கள் வீட்டில் எங்கே இருக்கும்? காலையில் கேப்பைக் கூழ், ராத்திரிக்கும் அதே கூழ்.

அரிசி வேண்டுமானால் கார்டை எடுத்துக்கொண்டு திண்டிவனத்து நியாய விலைக் கடைக்குப் போக வேண்டும். லாரி எந்த நாள் வரும் என்று யாருக்கும் தெரியாது. கடைக்காரரைக் கேட்டால், "வந்தா வரும்" என்பார். அம்மா களைவேலையை விட்டுவிட்டு, பஸ் பிடித்துப் போவாள். கதவு சாத்தியிருக்கும். திரும்பி வருவாள். மறுநாள் வேலைக்குப் போவாள். அந்த நாள் பார்த்து லாரி வந்து, அரிசி தீர்ந்தும் போயிருக்கும்.

ஒரே வாரத்தில் மூன்று நடை. மூன்றாவது நடை முடிந்து வந்தவள் காலிப் பையை உதறினாள். நான்காக மடித்தாள். கூரையில் செருகினாள். அந்த உதறல் சத்தம் இன்றைக்கும் எனக்குக் கேட்கிறது.

நாலு பக்கமும் ஒரு கட்டியும்

இதே சமயத்தில் திண்டிவனத்தில் தினம் ஒரு கூட்டம். இரண்டு கட்சிக் கூட்டத்துக்கும் போனேன். (கட்சியையோ சின்னத்தையோ சொல்லப்போவதில்லை. பத்திரிகை ஆசிரியருக்குத் தொந்தரவு வேண்டாம்.) மொழிப் பிரச்சினையை ஒருவர் மைக்கில் பேசினால் எனக்கு மெய் சிலிர்த்துவிடும். உணவு, மொழி, கல்வி, நில உச்சவரம்பு, வேலையின்மை என்று நோட்டுப் புத்தகத்தில் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் சின்னம்மாவுக்கு அந்த யோசனை வந்தது. மாரியம்மன் கோயில் வேப்பமரத்தடியில், வேலைவிட்டு வந்த பெண்கள் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

"எலெக்சன் வந்தா வர்றாங்க, கும்பிடறாங்க, ஜீப் ஏறிப் போறாங்க. நாம ஒரு வார்த்தை பேசறதுக்குள்ள மேளத்தை அடிச்சுடறானுங்க. தட்டு சுத்தி முடியிற வரைக்கும்தான் ஒரு எடத்துல நிக்கறாங்க. சுத்தலன்னா?"

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

"சுத்தாம பிடிச்சுக்கினு நிப்போம். கற்பூரம் எரியிற வரைக்கும் எங்க போவாரு? அதுக்குள்ள நம்ம சங்கதியச் சொல்லிடணும். நம்ம டீச்சரம்மா படிக்கட்டும்."

எனக்குத் தலைகால் புரியவில்லை! அன்று இரவே உட்கார்ந்து நாலு பக்கம் எழுதினேன். 'இன்று நாட்டை எதிர்நோக்கியுள்ள பிரச்சினைகள்' என்று தலைப்பு. கடைசி வரியில் மூன்று ஆச்சரியக்குறி.

மறுநாள் சாயங்காலம் ஒத்திகை. சின்னம்மா ஒரு கற்பூரக் கட்டியை வெற்றிலை மேல் வைத்து ஏற்றினாள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினேன். 'பெருமதிப்பிற்குரிய' என்று ஆரம்பித்து, உணவுக்கு வருவதற்குள் சுடர் ஆடியது. மொழிக்கு நான் வரவேயில்லை. அணைந்துபோனது.

"அவ்ளோதான், ஆளு ஜீப்ல ஏறிட்டாரு," என்றாள் சின்னம்மா.

"ஆமா தெய்வானே, நீ படிச்சதுல நாம எங்க இருந்தோம்?" என்று கேட்டாள் பக்கத்து வீட்டுக் குப்பு அக்கா. நிறைமாசம் அவளுக்கு. அவள் கேலியாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தேடினாள். எனக்கு முகம் சுட்டது.

அதற்கப்புறம் நடந்ததை நான் எந்தப் பொதுக்கூட்டத்திலும் பார்த்ததில்லை. ஆளாளுக்கு எழுந்து பேசினார்கள்.

"மருத்துவச்சி வேணும். மூணாவது புள்ளைக்கு மாட்டு வண்டியில போய்க்கினு இருக்கும்போதே வலி வந்துடுச்சு எனக்கு."

"பஸ்ஸு உள்ள வரட்டும். வந்தா உன் மருத்துவச்சியும் அதுல வருவா."

"ஏரிய வெட்டட்டும்!"

"சுடுகாட்டுக்கு வழி கேளுங்கடி. மழை பெஞ்சா செத்தவங்களத் தூக்கிக்கினு சேத்துல நிக்கறோம்."

"செத்தவங்களுக்கு ஓட்டு இல்ல, உயிரோட இருக்கறவங்களுக்குக் கேளு!"

ஒரு பட்டியல் எழுதுவேன், கற்பூரம் ஏற்றுவார்கள், படிப்பேன், பாதியில் அணையும். அடிப்பேன், திருத்துவேன். அடுத்த கட்டி. வேப்பமரத்தடி முழுக்கக் கற்பூரப் புகை. பூசாரி எட்டிப் பார்த்து, "இன்னா விசேஷம் இன்னிக்கு?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

பத்துப் பிரச்சினை ஐந்தானது, ஐந்து மூன்றானது. அந்த மூன்றும் ஓடி ஓடிப் படித்தால்தான் முடிந்தது. "இந்த வேகத்துல படிச்சா அவருக்கு ஒண்ணும் வெளங்காது, பேஜாரு," என்றாள் சின்னம்மா.

அதுவரை அம்மா வாயே திறக்கவில்லை. இப்போது சொன்னாள்:

"அரிசி என்னிக்கு வரும்னு முன்கூட்டியே சொல்லட்டும். அது போதும்."

"கடையே நம்ம ஊருக்கு வரணும்னு கேளு அக்கா!"

"கடைன்னா கட்டடம் வேணும், ஆளு வேணும், ஆர்டர் வேணும். ஜெயிச்சப்புறம் செய்யறேம்பாங்க. ஜெயிச்சப்புறம் யாரு கண்டது? நாளைச் சொல்றதுக்கு இன்னா வேணும்? ஒரு பலகை, ஒரு சாக்கட்டி. ரோட்டுப் புளியமரத்துல மாட்டி, லாரி வர்ற நாளை முந்தின நாளே எழுதிப் போடட்டும். ஓட்டுக்கு முன்னாடியே போடட்டும். எவரு சொன்னதைச் செய்யறாருன்னு பாத்துக்கினு ஓட்டுப் போடலாம் இல்ல?"

குப்பு அக்காதான் கேட்டாள்: "எழுதினா யாரு அத்தே படிக்கிறது?"

அம்மா என்னைக் கையால் காட்டினாள். "பின்ன இவள எதுக்குப் படிக்க வச்சோம்?"

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு ஏமாற்றம்தான். தமிழுக்காக நாடே கொதிக்கிறது, நான் ஒரு பலகைக்காகக் காகிதம் எழுதுவதா? ஆனாலும் எழுதினேன். இரண்டே வரி. சின்னம்மா கற்பூரம் ஏற்றினாள். நிதானமாகப் படித்து முடித்தேன். சுடர் அப்படியே நிமிர்ந்து எரிந்துகொண்டிருந்தது. பெண்கள் எல்லாரும் ஹோவென்று கத்தினார்கள். எனக்கும் ஏதோ பரீட்சையில் தேறியதுபோல இருந்தது.

மறுபடியும் அந்த வெயில்

இப்போது ஜீப்புக்கு முன்னால் நிற்கிறவரிடம் வருவோம். அவருக்கு நெற்றியெல்லாம் வியர்வை.

"ஏத்தும்மா, இன்னொண்ணு ஏத்து!" என்று அவருடைய ஆள் பதறினார்.

அம்மா நிதானமாக மடியிலிருந்து இன்னொரு கட்டியை எடுத்தாள். வெற்றிலையைத் திருப்பி வைத்தாள். தட்டுக்குள் விரலை விட்டு அந்தக் காசை எடுத்து, முந்தானையில் துடைத்து அவரிடமே நீட்டினாள்.

"இது வேணாங்க. எம் பொண்ணு படிக்கிறதைக் கொஞ்சம் கேளுங்க."

சின்னம்மா தீக்குச்சி கிழித்தாள். நான் படித்தேன்:

"ஐயா, கடையில் அரிசி வரும் நாளை முதல் நாளே எங்கள் ரோட்டுப் புளியமரத்தில் எழுதிப் போடுங்கள். ஓட்டுக்கு முன்னால் போடுங்கள்."

கோயிலில் தீபாராதனை பார்க்கிறவரைப் போல அவர் சுடரையே பார்த்துக்கொண்டு நின்றார். "பலகை என்னம்மா பலகை! கடையவே கொண்டாந்துடறேன். பஸ்ஸு, ஆஸ்பத்திரி, எல்லாம்..."

"அதெல்லாம் ஒங்க இஷ்டங்க. நாளு மட்டும் மொதல்ல."

"சரிம்மா. சரி சரி."

அம்மா மூன்று சுற்றுச் சுற்றினாள். மேளம் மறுபடி தொடங்கியது. பார்த்துக்கொண்டிருந்த எனக்கு ஒரு ஓட்டு என்றால் எவ்வளவு கனம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அச்சில் என் பெயரைப் பார்த்தபோதுகூடத் தெரியவில்லை.

மூன்று நாள் கழித்து எதிர்க்கட்சிக்காரர் வந்தார். இளம் வக்கீல். காசு விழுந்து கற்பூரம் அணைந்த சேதி சைக்கிளில் அவருக்கு முன்னாலேயே ஊர் ஊராகப் போயிருந்தது போலும். தெருமுனையில் இறங்கியதிலிருந்தே இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தார். சின்னம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

நான் படித்து முடித்ததும் அவர் ஒரே கேள்வி கேட்டார்: "எந்த மரம்?"

இரண்டு பலகை

ஒரு வாரம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு நாள் காலையில் புளியமரத்தில் பெரிய தகரப் பலகை! ஓடினோம். முதலில் வந்தவர் மாட்டியது. மேலே அவர் படம், கும்பிட்ட கை, நாலு நிறத்தில் பெயர், பெரிய சின்னம். அடியில் ஓரமாக, 'அரிசி வரும் நாள்' என்று எழுதிப் பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டிருந்தார்கள்.

"இன்னா எழுதியிருக்குது?" என்றாள் சின்னம்மா.

"அவர் பேர் எழுதியிருக்குது."

"நாளு?"

"இல்ல."

மறுநாளும் கேட்டாள். மறுநாளும் பேர்தான் இருந்தது. அதற்கு மறுநாளும்.

ஐந்தாம் நாள், அதே மரத்தின் மறுபக்கத்தில் ஒரு பெட்டி மூடி தொங்கியது. கறுப்புச் சாயம் பூசியிருந்தார்கள். படமில்லை, பேரில்லை. சாக்கட்டியில் ஒரே ஒரு சொல்: 'வியாழன்'.

அன்று புதன்.

நான் தெருவுக்குத் திரும்பி ஓடிவந்த ஓட்டத்தில் செருப்பு அறுந்துபோனது. "வியாழன்! நாளைக்கு!" என்று வீடு வீடாகக் கத்தினேன். கூரையில் செருகியிருந்த பைகள் எல்லாம் இறங்கின. மறுநாள் முதல் பஸ்ஸில் பாதித் தெரு ஏறியது. கண்டக்டர், "கல்யாணமா?" என்று கேட்டார். "அரிசி!" என்று சின்னம்மா சொன்ன சொல்லில் பஸ்ஸே சிரித்தது.

நாங்கள் போனபோது கடை வாசலில் லாரியிலிருந்து மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது. சணல் சாக்கின் வாசனை, அரிசித் தவிடு வாசனை. அம்மா கார்டை நீட்டினாள். பை நிறைந்தது. திரும்பும்போது அதை மடியில் வைத்து, குழந்தையைப் பிடிப்பதுபோல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அன்று ராத்திரி எங்கள் தெருவில் எல்லா அடுப்பிலும் சோறு கொதிக்கிற வாசனை.

தேர்தல் அன்று நான் யாருக்குப் போட்டேன் என்று கேட்காதீர்கள். அம்மாவுக்கே சொல்லவில்லை. முத்திரையைக் குத்தி, மை மறுபக்கம் ஒட்டாமல் ஊதி, மடித்துப் போட்டேன். அம்மா எனக்குப் பின்னால் வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"உள்ள போட்டேன்," என்றாள் சின்னம்மாவைப் பார்த்து. "போட்டுட்டு ஒரு தட்டுத் தட்டியும் பாத்தேன்."

இன்னும் ஒரு தடவை

வக்கீல் ஜெயித்தார். வெடி வெடித்தார்கள், சர்க்கரை கொடுத்தார்கள். எங்கள் தெருவே ஜெயித்ததுபோல ஆடினோம்.

அடுத்த வாரம் பலகையில் ஒன்றுமில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. தேர்தலுக்கு முன்னால் கடைசியாக எழுதிய 'திங்கள்' பனியில் கரைந்து வெள்ளையாக வழிந்திருந்தது. தினம் காலையில் நான் மரத்தடிக்குப் போய்விட்டு வெறுங்கையோடு வருவேன். அம்மா ஒரு நாள் பழையபடி பஸ் ஏறிப் போனாள். பழையபடி வந்தாள். பையை உதறினாள். மடித்தாள்.

ஆனால் இந்த முறை கூரையில் செருகவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டாள்: "ஜெயிச்சவரு வீட்டுக்கு வாழ்த்துச் சொல்ல எல்லா ஊருப் பொம்பளைங்களும் போறாங்களாமே?"

சின்னம்மா எழுந்து, மஞ்சள் எங்கே இருக்கிறது என்று தேட ஆரம்பித்தாள்.

திண்டிவனத்தில் அவர் வீட்டு வாசலில் பந்தல். வரிசை வரிசையாகத் தட்டுகள். ஒவ்வொரு ஊரும் வந்து சுற்றிவிட்டுப் போனது. எங்கள் முறை வந்தது. அம்மா முன்னால் போனாள். கற்பூரம் ஏற்றினாள். தட்டு அசையவில்லை.

அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா கையில் இருந்த தட்டைப் பார்த்தார். தெரிந்துகொண்டார். இரண்டு கையும் தானாக முதுகுக்குப் பின்னால் போயின.

"படி," என்றாள் அம்மா.

காகிதம் எதற்கு? எனக்கு மனப்பாடம். "பலகையில் நாள் இல்லை, ஐயா," என்றேன். கணீரென்று சொன்னேன். பந்தலில் இருந்த அத்தனை ஊர்ப் பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ கேட்டார். அவர் இன்னொருவரிடம் ஓடினார். அவர் உள்ளே போனார். சுடர் குறுகிக்கொண்டே வந்தது. அம்மா கை ஆடவில்லை. உள்ளே போனவர் மூச்சிரைக்க வந்து காதில் சொன்னார்.

"வெள்ளிக்கிழமைம்மா," என்றார் ஜெயித்தவர். "இன்னிக்கே எழுதச் சொல்லிடறேன். இனிமே விட்டுப்போகாது."

தட்டு சுற்றியது. ஒன்று, இரண்டு, மூன்று. பந்தலில் இருந்து யாரோ கைதட்டினார்கள். கும்பலில் ஒரு கிழவி சின்னம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "எந்த ஊரும்மா நீங்க? எங்க ஊருக்கும் அந்தப் பலகை வருமா?" என்று கேட்டது நன்றாக நினைவிருக்கிறது.

மறுமாசமே எனக்கு விக்கிரவாண்டிப் பக்கம் வேலை உத்தரவு வந்துவிட்டது. போவதற்கு முன்னால் ஏழு நாளின் முதல் எழுத்தைக் குப்பு அக்காவுக்குச் சொல்லிக்கொடுத்தேன். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு இப்போது பலகையைப் படிப்பவள் அவள்தான். பலகை இன்றைக்கும் தொங்குகிறது. ஒரு வாரம்கூட வெற்றாக இருந்ததில்லை என்கிறார்கள்.

அன்று பந்தலிலிருந்து திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் கேட்டேன். "ஏம்மா, அவரு சொல்றதுக்குள்ள கற்பூரம் அணைஞ்சிருந்தா இன்னா பண்ணியிருப்ப?"

அம்மா மடியை அவிழ்த்துக் காட்டினாள். உள்ளே இன்னும் நாலு கட்டி இருந்தது.